கழுத்துப் பட்டனும் கர்ப்ப ரிப்போர்ட்டும்

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே நாங்கள் மூவரும் நலம். ஏழு மாதமாக இந்த வரியைப் பல்லைக் கடித்துக்கொண்டு எழுதினேன், இன்றுதான் சிரித்துக்கொண்டே எழுதுகிறேன், எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள். காலையில் போனில் நீ அழுதாய், அம்மா அழுதாள், விஷயம் யாருக்கும் போய்ச் சேரவில்லை. தம்பிக்கு நெஞ்சில் கட்டி என்று மட்டும் உன்னிடம் சொல்லி மீதியை மறைத்தோம், கோபப்படாதே, இப்போது முழுதாகக் கேள்.

நான் தைத்த சட்டையில் நம் ஒட்டடைக்குச்சித் தம்பியால் மேல் பட்டனைப் போட முடியவில்லை. உடம்பு இளைத்திருக்கிறது, கழுத்து மட்டும் ஒன்றரை அங்குலம் கூடியிருக்கிறது. முப்பது வருஷமாக டேப் பிடிக்கிற தையல்காரனுக்கு இது உறுத்தாதா? 'வெயிட் போட்டிருக்கேன்ப்பா, விடுங்க' என்றான். விடவில்லை, ஆஸ்பத்திரிக்கு இழுத்துப் போனேன். ஸ்கேனில் நெஞ்செலும்புக்குப் பின்னால் ஆரஞ்சுப் பழம் அளவு கட்டி, அது பெரிய ரத்தக்குழாயை அழுத்தித்தான் கழுத்து வீங்கியதாம். டாக்டரம்மா உடனே ஒரு ரத்தப் பரிசோதனை எழுதினார். லேபிலிருந்து போன் வந்தது, 'சாம்பிள் மாறிடுச்சு போல டாக்டர், இது கர்ப்பமா இருக்கறவங்க ரிசல்ட்' என்று. அம்மா முகம் போன போக்கைப் பார்த்திருக்க வேண்டும் நீ! டாக்டரம்மாவோ மேஜையைத் தட்டி, 'மாறல, இதைத்தான் தேடினேன்' என்றார். கருவில் இருக்கும்போது விதைப்பைக்குப் போக வேண்டிய சில அணுக்கள் வழி தவறி நெஞ்சிலேயே தங்கிவிடுமாம், அதில் வளரும் கட்டி கர்ப்பிணிகளுக்குச் சுரக்கிற அதே ஹார்மோனைச் சுரக்குமாம். இடுப்புக்குக் கீழேயும் ஸ்கேன் எடுத்தார்கள், அங்கே ஒன்றுமில்லை. நெஞ்சுக் கட்டியில் ஊசியால் துளி சதை எடுத்துப் பார்த்ததும் புற்றுநோய்தான் என்று உறுதியாகிவிட்டது.

அப்புறம் நாலு சுற்று மருந்து, சுற்றுக்கு மூன்று வாரம். முடி போனது, புருவம் போனது, வாய்ப்புண்ணில் தண்ணீர்கூட இறங்கவில்லை. மூன்றாவது சுற்றில் காய்ச்சல் கண்டு ஐந்து நாள் தனி அறையில் கிடந்தான், நான் கதவுக் கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு நின்றேன், அதை உனக்கு எப்படிச் சொல்வேன்? ஆனால் ரத்தத்தில் அந்த ஹார்மோன் எண் மட்டும் சறுக்குமரத்தில் இறங்குவது மாதிரி இறங்கிக்கொண்டே இருந்தது. பிறகு நெஞ்சைத் திறந்து மிச்சக் கட்டியை எடுத்தார்கள். கண் விழித்ததும் பிள்ளை கேட்டது, 'ஏம்மா, பிரசவம் சுகமா முடிஞ்சுதா?' அம்மா அடிக்கக் கை ஓங்கி, அப்படியே முத்தம் கொடுத்தாள்.

இன்று ரிசல்ட். எடுத்த சதையில் உயிருள்ள புற்றணு ஒன்றுகூட இல்லையாம், எல்லாம் செத்தவை. கும்பிடப் போன நான் டாக்டரம்மாவின் காப்பியைக் கொட்டிவிட்டேன். மாதாமாதம் ரத்தம் பார்க்க வேண்டும், பார்த்துக்கொள்வோம்.

நீ நீடூழி நன்றாக இரு கண்ணே, நேரத்துக்குச் சாப்பிடு. ஒன்றை மட்டும் மறந்துவிடாதே, இப்போது போன் செய்யாதே. ஏழு மாதத்தில் முதல் தடவையாக உன் அம்மா பகலில் குறட்டை விட்டுத் தூங்குகிறாள், நானும் தம்பியும் பூனை மாதிரி நடமாடுகிறோம். இந்தக் கடிதம் உன் கைக்கு வருவதற்குள் எழுந்துவிடுவாள் என்றுதான் நினைக்கிறேன்.

முத்தங்களுடன்,
உன் அப்பா