சலூன் கதிரையில் கிடைத்த காது நட்டுகள்

என் ஆசையண்ணைக்கு,

உங்கட மடிப்புச் சைக்கிள் ஓடுது! ஆறுதலாய்ச் சுகம் விசாரித்து, வீட்டுப் புதினங்களை எழுதி, பிறகு விசயத்துக்கு வருவம் என்றுதான் பேனாவை எடுத்தேன். கை கேட்கவில்லை. மடித்தால் மடியுது, விரித்து இறுக்கினால் ஆடாமல் அசையாமல் நிக்குது. தொலைந்துபோன அந்தக் காது நட்டுக்கு மாற்று எங்கே கிடைத்தது தெரியுமோ? வவுனியாவில், ஒரு சலூனில், சவரம் எடுக்கிற கதிரையில்!

சிரிக்கிறீங்களா? கொஞ்சம் பொறுங்கோ. முதலில் இருந்து சொல்லுறன்.

செங்கமாரி வந்து, கண்ணெல்லாம் மஞ்சளாகி, நீங்கள் எங்களை விட்டுப் போய்ச் சேர்ந்து இரண்டு வருசமாகுது. நீங்கள் போன அடுத்த மாதம்தான் எனக்கு மருத்துவிச்சி வேலைக் கடிதம் வந்தது. வேறு எங்கேயோ போட்டவர்கள், கேட்டு மன்றாடி முரசுமோட்டைக்கே மாற்றி எடுத்தேன். உங்கட மனுசியை, என் மச்சாளைத் தனிய விட்டிட்டு எப்படிப் போறது? நீங்கள் வாய்க்கால் ஓவசியராய்த் திரிந்த அதே வரம்பிலும் அணைக்கட்டிலும் இப்போது நான் திரிகிறேன். உங்கட கையில் தண்ணிக் கணக்குக் கொப்பி, என் கையில் பிரசவப் பெட்டி. அவ்வளவுதான் வித்தியாசம்.

பெரிய வாய்க்காலுக்கு அங்காலே இருக்கிற குடியேற்ற வீடுகள் உங்களுக்கு நினைவிருக்கும். அங்கே போக அந்த ஒற்றை மரப்பாலத்தை விட்டால் வழியில்லை. சாதாரணச் சைக்கிளை அதில் உருட்ட ஏலாது, தூக்கவும் ஏலாது. அதனால் நான் நடந்துதான் போவேன். வெறுங்காலில் வேகமாய் நடந்தாலும் ஒன்றரை மணித்தியாலம்.

போன வருசம் அங்கே பாக்கியம் என்ற பிள்ளைக்கு முதற் பேறு. புருசன் கணேசு ஓடிவந்து சொன்னான். நானும் அவனோடு ஓட்டமும் நடையுமாய்ப் போனேன். போய்ச் சேர முன்னமே பிள்ளை பிறந்துவிட்டது, கழுத்தில் கொடி சுற்றினபடி. பக்கத்து வீட்டுப் பெண்களுக்கு அதை என்ன செய்வதென்று தெரியவில்லை. நான் எடுத்தபோது உடம்பில் சூடு இருந்தது, அண்ணை. சூடு மட்டும்தான் இருந்தது.

பாக்கியம் என்னை ஏசியிருந்தால் நான் தாங்கியிருப்பேன். அவள் என் முகத்தைப் பார்த்து, "அக்கா, நல்லாய் வேர்த்துப் போச்சு உங்களுக்கு. தண்ணி குடியுங்கோ" என்று சொன்னாள். அந்தத் தண்ணியை நான் எப்படிக் குடித்தேன் என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

இந்தத் தை மாதம் அவள் திரும்பவும் வயிற்றைத் தள்ளிக்கொண்டு கிளினிக்குக்கு வந்தாள். எட்டு மாதம். அன்றைக்குத்தான் எனக்கு உங்கட சைக்கிள் நினைவு வந்தது. மடித்துத் தோளில் போட்டுக்கொண்டு அந்த மரப்பாலத்தில் நீங்கள் நடந்து போறதை நான் எத்தனை தரம் பார்த்திருப்பேன்!

மச்சாள் அதைச் சாக்கில் சுற்றி, கயிறு கட்டி, குசினிக் கூரை வளையில் தொங்கவிட்டிருந்தா. கேட்டதும் அடுப்பு ஊதினபடியே, திரும்பிப் பார்க்காமல், "அதைத் தொடாதை" என்றா.

"மச்சாள், சும்மா கிடந்து கறள் பிடிக்குதுதானே."

"பிடிச்சாப் பிடிக்கட்டும். அது அவரின்ர சாமான்."

பாக்கியத்தின் கதையை அவாவுக்கு அதுவரை நான் சொன்னதில்லை. அன்றைக்குச் சொன்னேன், அந்தத் தண்ணிக் கதை உட்பட. மச்சாள் அடுப்பில் இருந்த சோற்றை இறக்கி வைத்துவிட்டு, கதிரையை இழுத்துப்போட்டு ஏறி, தானே கயிற்றை வெட்டிச் சைக்கிளை இறக்கித் தந்தா.

இறக்கிப் பார்த்தால், மடிக்கிற இடம் இரண்டையும் இறுக்கிப் பிடிக்கிற நட்டுகளில், அதுதான் வண்ணாத்திப்பூச்சிச் செட்டை மாதிரி இரண்டு காது வைத்த அந்த நட்டுகளில், மேலே இருந்ததைக் காணவில்லை. கீழே இருந்தது மரை தேய்ந்து சும்மா சுற்றுது.

இந்த இடத்தில் உங்களிட்ட ஒன்று சொல்லவேணும். அந்த மேல் நட்டைத் தொலைத்தது நான்தான், அண்ணை. நீங்கள் இரணைமடுவுக்கு டிராக்டரில் போயிருந்த ஒரு பின்னேரம், கேளாமல் எடுத்துக்கொண்டு போய் வாய்க்கால் கட்டில் ஓடிப் பழகினேன். நட்டை வடிவாய் இறுக்காமல் ஓடியிருக்கிறேன். விழுந்த விழுகையில் அது தெறித்துத் தண்ணிக்குள் போய்விட்டது. கம்பியைச் சுற்றி, சாணியைப் பூசி மறைத்து, இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு, நல்ல பிள்ளையாய் விளக்குக்குத் திரி போட்டுக்கொண்டு இருந்தேன். நீங்கள் முற்றத்தைக் கூட்டிக்கூட்டித் தேடினீங்கள். அதுக்குப் பிறகு சைக்கிளை மடிக்கவே இல்லை. மரப்பாலத்துக்கு அங்காலே நடந்தே போனீங்கள். உங்களுக்குத் தெரிந்திருந்ததோ? தெரிந்துகொண்டுதான் பேசாமல் இருந்தீங்களோ?

சரி, நான் தொலைத்ததை நான்தானே தேட வேணும். கிளிநொச்சிச் சைக்கிள் கடையில் கேட்டேன். கடைக்காரர் ஒரு டப்பா நட்டைக் கொட்டி ஒவ்வொன்றாய்ப் போட்டுப் பார்த்தார். ஒன்றும் மரையில் ஏறவில்லை. "இது பட்டாளத்துச் சைக்கிள் பிள்ளை. வெளியில இருந்து சாதாரணச் சாமானே ஒழுங்கா வருதில்லை. இது எங்க வரப்போகுது?" என்றார். பளையில் கேட்டேன். ஸ்கந்தபுரத்தில் ஆரிட்டயோ இப்படி ஒரு சைக்கிள் இருக்குது என்று கேள்விப்பட்டு அங்கேயும் போனேன். போய்ப் பார்த்தால் அது மடிகிற கட்டில்!

கடைசியில் ஒரு கம்மாலையில் இரும்பை அடித்து நட்டு செய்வித்தேன். பார்வைக்கு அச்சொட்டாய் இருந்தது. முதல் நாள் ஓட்டத்தில் கல்வீதியால் இறங்கி வயற்பாதையில் திரும்பினேன், சைக்கிள் நடுவில் மடிந்து, என்னையும் சேர்த்து மடித்து, சேற்றுக்குள் போட்டுவிட்டது. வெள்ளைச் சேலை சில்லுக்குள் போய்க் கிழிந்து, முழங்காலில் இரத்தம். நெல் வெட்டிக்கொண்டிருந்த சனம் முழுக்க நிமிர்ந்து பார்த்தது.

நொண்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். மச்சாள் இனிச் சைக்கிளைத் திரும்பக் கட்டித் தூக்கப் போறா என்றுதான் நினைத்தேன். அவா என் முழங்காலைக் கழுவிவிட்டு, உள்ளே போய் அலுமாரியைத் திறந்தா. உங்கட காக்கிக் காற்சட்டை ஒன்றோடு வந்தா.

"இதைச் சேலைக்கு உள்ளுக்குப் போடு. சேலையைத் தூக்கிச் சொருகிப்போட்டு ஓடு. அடுத்தமுறை முழங்காலோட நிக்காது."

"அடுத்தமுறையோ?"

"பின்னை? பாக்கியத்துக்கு இன்னும் எத்தினை நாள் கிடக்கு?"

பிறகு அவாதான் சொன்னா, நீங்கள் அந்தச் சைக்கிளை வவுனியாவில் ஒரு பழைய இரும்புக் கடையில் எடுத்தது என்றும், கடைக்காரர் பெயர் மீரான் என்றும். எனக்கு இது தெரியாதே! அடுத்த லீவு நாளில் சைக்கிளை மடித்து, கயிற்றால் கட்டிக்கொண்டு பரந்தனில் பஸ் ஏறினேன். கொண்டக்டர் சுற்றிவந்து பார்த்தார்.

"இதென்ன அக்கா, சைக்கிளோ, உடைஞ்ச சைக்கிளோ?"

"மடிஞ்ச சைக்கிள் தம்பி."

"எங்க, விரிச்சுக் காட்டுங்கோ பாப்பம்!"

மாங்குளத்தில் பஸ் நின்றபோது இறக்கி விரித்துக் காட்டினேன். தேத்தண்ணி குடிக்கப் போன சனம் எல்லாம் கோப்பையோடு வந்து நின்றது. ட்றைவர் கோன் அடித்துத்தான் எல்லாரையும் ஏற்றினார்.

மீரானை அங்கே எல்லாரும் காக்கா, அதாவது அண்ணை என்றுதான் கூப்பிடுறார்கள், நல்லாய் வயது போன மனுசன். சைக்கிளைக் கண்டதும் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு எழும்பி வந்தார். "இது என்ர சைக்கிளெல்லோ! உலகச் சண்டை முடிஞ்சு வெள்ளைக்காரப் பட்டாளம் விட்டிட்டுப் போன சாமான் ஏலத்தில, இதில ரெண்டு எடுத்தனான். ஒண்டை வாய்க்கால் ஓவசியர் ஒருத்தர் கொண்டுபோனவர். சும்மா கொண்டுபோகேல்லைப் பிள்ளை. இந்தா இந்த இடத்தில நிண்டு ஒரு மணித்தியாலம் மடிக்கிறதும் விரிக்கிறதும், மடிக்கிறதும் விரிக்கிறதும். சின்னப்பிள்ளை மாதிரி ஒரே சிரிப்பு."

"அவர் என்ர அண்ணை, காக்கா."

"அப்பிடியோ? அவர் சுகமா இருக்கிறாரோ?"

"ஓம் காக்கா, சுகம்" என்று சொல்லிவிட்டேன். ஏன் பொய் சொன்னேன் என்று கேளாதேங்கோ. அந்தக் கடை வாசலில் நீங்கள் இன்னும் சிரித்துக்கொண்டு நின்றீங்கள். அதைக் கெடுக்க எனக்கு மனம் வரவில்லை.

மற்றச் சைக்கிள் எங்கே என்று கேட்டேன். அதைக் கழற்றித் துண்டு துண்டாய்க் கொடுத்தாச்சாம். சில்லுகள் ஒரு தள்ளுவண்டிலுக்கு. பெடல் எங்கே போனதென்று அவருக்கே நினைவில்லை. நட்டுகள்? காக்கா நெற்றியைத் தட்டித் தட்டி யோசித்தார். திடீரென்று, "சலூன்!" என்று கத்தினார். இரண்டு சாதாரண ஆணியும் நட்டும் நட்டுக் கழற்றுகிற சாவி ஒன்றும் எடுத்துக்கொண்டு அவர் முன்னால் நடந்தார். நான் சைக்கிளைத் தூக்கிக்கொண்டு பின்னால்.

சலூன் வாசலில் என்னைக் கண்டதும் உள்ளே இருந்த ஆம்பிளைகள் எல்லாம் பேப்பருக்குள் முகத்தை மறைத்தார்கள். கதிரையில் ஏதோ அலுவலகத்துக் கிளாக்கர் ஒருவர் தலையைச் சாய்த்து, ஒரு கன்னம் வழித்தபடி, மற்றக் கன்னம் சவுக்கார நுரையோடு கிடந்தார். அவருடைய தலைக்குப் பின்னால், தலை சாய்க்கிற பலகையை இறுக்கிக்கொண்டு, அண்ணை, இரண்டு காது நட்டு! பவுடரும் எண்ணெயும் படிந்து, ஆனால் அதேதான். அதே செட்டை!

சலூன்காரர் கத்தியை உயர்த்திப் பிடித்தபடி, "அம்மா, பெண்டுகள் வாற இடமில்லை இது" என்றார்.

"நான் மருத்துவிச்சி. நான் போகாத இடமில்லை" என்றேன். எனக்கே தெரியாது அந்தத் துணிச்சல் எங்கேயிருந்து வந்ததென்று. காக்கா விசயத்தைச் சொன்னார். சலூன்காரர் தலையை ஆட்டினார். "ஆள் கதிரையில கிடக்கிறார். இப்ப கழட்டினா அவரின்ர தலை பின்னால விழும். கழுத்து என்ன ஆகிறது? பின்னேரம் வாங்கோ."

"பின்னேரம் எனக்குப் பஸ் இல்லை. அங்க ஒரு பிள்ளைத்தாச்சி நாள் எண்ணிக்கொண்டு கிடக்கிறாள், ஐயா."

அப்போதுதான் அந்தக் கிளாக்கர், நுரையோடு, கண்ணைத் திறக்காமலே பேசினார்: "குடுத்துவிடப்பா. என்ர தலையை நான் பிடிச்சுக்கொள்ளுறன்."

உண்மையாகவே இரண்டு கையாலும் தன் தலையைப் பிடித்துக்கொண்டு இருந்தார், அண்ணை! காக்கா கழற்றி மற்ற ஆணியைப் போட்டு முடிக்கும்வரை அசையவில்லை. பேப்பருக்குள் ஒளிந்திருந்தவர்களும் எட்டிப்பார்க்கத் தொடங்கினார்கள். வாசற்படியில் சைக்கிளை விரித்து, நட்டை வைத்துச் சுற்றினேன். ஒரு சுற்று, இரண்டு சுற்று, மூன்று சுற்று. எங்கேயும் சிக்கவில்லை. கடைசிச் சுற்றில் கிச்சென்று இறுகியது. நான் துள்ளின துள்ளலைக் கண்டு சலூன்காரரே சிரித்துவிட்டார். "தங்கச்சி, ஒருக்கா ஓடிக் காட்டுங்கோ" என்றார். வவுனியாக் கடைத்தெருவில், சேலையைச் சொருகி, உங்கட காற்சட்டையோடு, நான் ஒரு சுற்று ஓடினேன்!

முந்தநாள் காலமை பத்து மணி இருக்கும். கணேசு மூச்சிரைக்க வந்து நின்றான். போன வருசம் நின்ற அதே முகம். "கணேசு, நீ பின்னால நடந்து வா" என்றுவிட்டு ஏறினேன். அணைக்கட்டில் மிதித்தேன். மரப்பாலத்தில் மடித்துத் தோளில் போட்டேன். இடப்பக்கப் பெடல் மட்டும் இடையில் மாற்றிப் போட்ட சாதாரணப் பெடல், அது மடியாமல் என் தோளில் குத்தினது, இன்றைக்கும் கன்றிக் கிடக்குது. பரவாயில்லை. அக்கரையில் விரித்து, இறுக்கி, திரும்ப மிதித்தேன். வாசலில் போய் இறங்கினபோது பாக்கியம் பல்லைக் கடித்துக்கொண்டு, "அக்கா, அவர் எங்க?" என்றாள்.

"அவர் நடந்து வாறார். நான் வந்திட்டன்."

கால் மணித்தியாலத்தில் தலை தெரிந்தது. கழுத்தில் கொடி, இந்தமுறை இரண்டு சுற்று. கொடியை விரலால் நெகிழ்த்தி, தலைக்கு மேலால் ஒவ்வொரு சுற்றாய் எடுத்துவிட்டேன். பெண்பிள்ளை, நீலம் பாரித்து வந்தாள். வாயைத் துடைத்து, முதுகைத் தேய்த்தேன், தேய்த்தேன். பிறகு கத்தினாள் பாருங்கோ ஒரு கத்தல்! கணேசு பாலத்தடியில் வரும்போதே கேட்டதாம். இன்னும் அவன் அந்தக் கதையை நிறுத்தவில்லை.

பாக்கியம் அழவில்லை. பிள்ளையை நெஞ்சில் போட்டுக்கொண்டு, அதன் கழுத்தைத் தடவித் தடவிப் பார்த்தபடி கிடந்தாள். நான்தான் கிணற்றடிக்குப் போய் அழுதேன்.

மற்றது மச்சாளைப் பற்றி. நீங்கள் போன நாளில் இருந்து அவா வாசற்படலையைத் தாண்டினதில்லை. சங்கக்கடைச் சாமானும் நான்தான் வாங்கி வாறது. இன்றைக்கு விடியக் கோழிக்குத் தீன் போட்டுக்கொண்டு நின்றவா, சும்மா கேட்கிறமாதிரி, "யோகம், உந்தச் சைக்கிளில ஏறினா நான் விழுந்திடுவனோ?" என்றா.

"விழுவீங்கள். நானும் விழுந்தனான்" என்றேன்.

இப்போது வெயில் தாழ்ந்துகொண்டு வருது. மச்சாள் தலையை இறுக்கி முடிந்து, சைக்கிளைப் பிடித்துக்கொண்டு முற்றத்தில் நின்று, "எழுதினது காணும், வா" என்று கூப்பிடுறா. போறன் அண்ணை. அவாவை வாய்க்கால் கட்டில் ஏற்றி, சீற்றைப் பின்னால் பிடித்துக்கொண்டு கூடவே ஓடுவேன். "விடு" என்று அவாவாய்ச் சொல்லும்வரை கையை எடுக்கமாட்டேன். இது உங்களுக்கு நான் தாற வாக்கு.

உங்கட சைக்கிளை இனிக் கேட்டு எடுக்க ஆளில்லாத,
உங்கட கடைசித் தங்கச்சி,
யோகம்