சுவரோரச் செருப்புகள்

அன்புள்ள அப்பாவுக்கு வணக்கம். முழங்கால் வலி குறைந்ததா? வெறும் வயிற்றில் மாத்திரை போடாதீர்கள்.

எங்கள் அவசரப் பிரிவில் பெண் மருத்துவர்கள் உடைமாற்றும் அறை முழுக்க இப்போது எனக்கே, மகாராணிதான். மற்றவர்கள் ஒவ்வொருவராக வேலையை விட்டுவிட்டார்கள். அவர்கள் பணிநேரத்தில் போட்ட செருப்புகள் மட்டும் சுவரோரம் வரிசையாகக் கிடக்கின்றன. ஆண்களும் களைத்துத்தான் போகிறார்கள். அவர்களுக்கு நிர்வாகத்தில் நாற்காலி கிடைத்துவிடுகிறது.

நேற்று தச்சர் வந்து அந்த அறையை அளந்தார்.

"என்னண்ணே, ரிப்பேரா?"

"இல்ல டாக்டரம்மா, ஆம்பளை டாக்டருங்களுக்கு இடம் பத்தலையாம். நீங்க எப்ப போறீங்கன்னு பெரிய டாக்டர் கேட்டுட்டு வரச் சொன்னாரு."

சிரித்துவிட்டேன். போகிறேன் என்று நான் யாரிடமும் சொன்னதில்லை, அப்பா.

நம் கொல்லைக்கதவின் பெரிய பூட்டை அனுப்பிவையுங்கள். ஆம்புலன்ஸ் வந்துவிட்டது, ஓடுகிறேன். என் செருப்பை அந்த வரிசையில் விடப் பயந்து, தினமும் பையில் வீட்டுக்கு எடுத்துப்போகிறேன்.

உங்கள் மகள்