அட்டைக்குப் போட்ட ஊசி

மாத்தளை
1974 மார்ச் 11

அன்புள்ள வாப்பாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். உம்மா சுகம். உங்கள் தங்கை ஸுபைதா மாமியின் நாற்பதாம் நாள் கத்தம் ஓதி முடிந்தது. உங்களுக்குத் தம்புள்ளையிலிருந்து வர லொறி கிடைக்கவில்லை என்று எல்லோரிடமும் சொன்னோம்.

ஊசி பற்றிய என் அறிக்கையை டொக்டரிடம் கொடுக்க வேண்டாமென்று உங்கள் கடை நுஹ்மான் நானாவிடம் சொல்லியனுப்பியிருந்தீர்கள். நேற்றே கொடுத்துவிட்டேன், வாப்பா.

கொலராவுக்காகப் பள்ளிக்கூடத்தை மூடியதால் கண்டியிலிருந்து வந்து சும்மா இருந்தவளிடம் டொக்டர் செபஸ்தியன் கேட்டது சின்ன வேலைதான். நம் நான்கு தெருக்களில் யார் யாருக்கு நோய் வந்தது, ஊசி போட்டதற்கு முத்திரை குத்திய அட்டை அவர்களிடம் இருந்ததா, தண்ணீரைக் காய்ச்சிக் குடித்தார்களா என்று வீடு வீடாகக் கேட்டு எழுத வேண்டும். ஆண்களில், அட்டை உள்ளவர்களுக்கு நோய் குறைவு. பெண்களிலோ அட்டை இருந்தும் இல்லாமலும் ஒரே மாதிரி. ஊசி பயனில்லை போலும் என்றார் டொக்டர். ஒரே கிணறு, ஒரே பானைச் சோறு; ஊசி மட்டும் ஆண் பெண் பார்க்குமா என்று எனக்குப் பட்டது.

ஊசி போட்டால் கை வீங்கும், காய்ச்சல் அடிக்கும். பெண்கள் இருக்கும் உள் அறைகளுக்குப் போய், அப்படி ஏதும் வந்ததா என்று கேட்டேன். ஸரீனா ராத்தா விழுந்து விழுந்து சிரித்தார். "ஊசி அட்டைக்குத்தான் போட்டாங்க புள்ள, காய்ச்சலும் அதுக்குத்தான் வந்திருக்கும்" என்றார். ஊசிக்காரர் ஆண் என்பதால், பெண்கள் கையைத் திறந்து காட்டாமலே, முப்பத்தெட்டு அட்டைகளை மொத்தமாக முத்திரை குத்தி வாங்கி வந்தவர் பள்ளிவாசல் தர்மகர்த்தாவான நீங்கள். மாமியின் அட்டையும் அதில் ஒன்று.

"ஊசி போட்ட என் தங்கச்சியே மவுத்தாப் போனா, இனி என்னத்துக்கு ஊசி" என்று கடையில் சொல்கிறீர்களாம். லொறிக்காரர்கள் அதை வில்கமுவ வரை கொண்டுபோய்விட்டார்கள். அங்கே சனங்கள் ஊசிக்காரரைத் திருப்பி அனுப்பியிருக்கிறார்கள்.

"ஒன்ட வாப்பா ஜமாஅத்துல தல நிமிந்து நிக்கிறது ஒனக்குப் புடிக்கல்லயா" என்று நுஹ்மான் நானா கத்தினார். கத்தட்டும். உங்கள் பெயரை நான் எழுதவில்லை. மாமியின் பெயருக்கு நேரே 'ஊசி போடப்படவில்லை' என்று எழுதினேன். அதை யார் சொன்னாலும் வெட்டமாட்டேன். ஊசி இருந்தால் போதும் என்றும் எழுதவில்லை. போட்ட ஆண்களிலும் நால்வர் நோயில் படுத்தார்கள், நால்வரும் காய்ச்சாத பச்சைத் தண்ணீர் குடித்தவர்கள்.

வெள்ளிக்கிழமை பெண்களுக்கு ஊசி, நம் வீட்டு நடு அறையில். போடுவதற்குப் பெண் தாதியே வர வேண்டுமென்று டொக்டரிடம் அடம்பிடித்துச் சம்மதம் வாங்கியிருக்கிறேன். முதலில் உட்காரப்போவது உம்மா. அவர் உங்களிடம் அனுமதி கேட்கவில்லை. நான் கேட்க விடவும் இல்லை. ஆனால் மற்ற வீட்டு ஆண்கள் உங்கள் வாயைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். அன்று ஜும்ஆவுக்கு வாருங்கள், வாப்பா. அந்த அட்டைகள் வந்த கதையை நீங்களே எழுந்து சொல்லுங்கள். நீங்கள் சொன்னால் வில்கமுவவிலும் கேட்பார்கள்.

கடைசி இரவு மாமியின் பக்கத்தில் நான்தான் இருந்தேன். அவர் உங்களைப் பற்றி ஒரு குறையும் சொல்லவில்லை. "என்ட நானா சாப்பிட்டாரா" என்று உங்களைத்தான் கேட்டார்.

அல்லாஹ் உங்கள் நாவுக்குத் துணிவைத் தரட்டும்.

உங்கள் மகள்,
றாபியா