நான்காம் எண்ணில் யாரும் இல்லை

பிர்லாத்,
ருமேனியா,
அக்டோபர் 15, 2006

என் அருமைத் தோம்னிகா,

இங்கே எல்லாரும் நலம். நீ வேலைக்கு இருந்து பார்த்துக்கொள்ளும் கிழவியம்மாவுக்கு மூச்சுத்திணறல் குறைந்ததா? அங்கே ஆளும் பார்சலும் ஏற்றிவருகிற சாந்துவின் வேனில் இரண்டு பாட்டில் ஸகுஸ்காத் தொக்கு அனுப்பியிருக்கிறேன். இந்த வருஷம் சுட்ட கத்தரிக்காய் நன்றாக வந்தது. போன தடவை ஒரு பாட்டிலை வழியிலேயே தின்றுவிட்டு, உடைந்துபோச்சு என்று கதை விட்டானே, அதனால் மூடியில் தாள் ஒட்டிக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன்.

உன் மகள் இலின்கா ஜோராக இருக்கிறாள். முடி வெட்டிக்கொள்ளத்தான் மாட்டேன் என்கிறாள். வியாழக்கிழமை இலின்காவின் வகுப்பு முழுக்க எங்கள் நூலகத்துக்கு வந்திருந்தது. கதைப் புத்தகம் எங்கே இருக்கிறது என்று அந்த வாண்டுகளுக்குக் கண்ணைக் கட்டிவிட்டாலும் தெரியும். மற்ற புத்தகங்கள், அதாவது உலகத்தில் உள்ளதை உள்ளபடி சொல்கிற புத்தகங்கள், எப்படி அடுக்கப்பட்டிருக்கின்றன என்பதுதான் என் பாடம். பூச்சியத்திலிருந்து ஒன்பது வரை எழுதிய அட்டைகளைக் கழுத்தில் மாட்டி வரிசையாக நிற்க வைத்தேன். மதம் இரண்டு, இயற்கை ஐந்து, மருந்தும் சமையலும் வீட்டுப் பிராணியும் ஆறு, நாடுகளும் வரலாறும் ஒன்பது. ஒவ்வொரு புத்தகமாக நான் தூக்கிக் காட்ட, சரியான எண்காரர் வந்து வாங்கிக்கொள்ள வேண்டும். ஓநாய் ஐந்துக்கும் நாய் ஆறுக்கும் போனதும் ஒரே சண்டை, இரண்டும் சொந்தக்காரர்களாம், பிரிக்கக் கூடாதாம்.

எங்கள் முறையில் நான்கு என்ற எண்ணுக்குப் புத்தகமே கிடையாது. ஒரு காலத்தில் மொழிப் புத்தகங்கள் அங்கே இருந்தன. நாம் பிறப்பதற்கு முன்பே அவற்றை எட்டுக்கு மாற்றி இலக்கியத்தோடு சேர்த்துவிட்டார்கள். அந்தத் தட்டைக் காலியாகவே வைத்திருக்கிறோம். அந்த அட்டையை வேறு பிள்ளைக்குக் கொடுத்தால் அதன் அம்மா சண்டைக்கு வந்துவிடுவாள். நம் வீட்டுப் பிள்ளைதானே என்று இலின்கா கழுத்தில் மாட்டினேன். எல்லார் கையிலும் புத்தகம் சேர்ந்துகொண்டே வர, இவள் மட்டும் வெறுங்கையோடு நின்றாள். கடைசியில் கேட்டாளே ஒரு கேள்வி.

“இங்க இருந்தவங்க எங்க போனாங்க?”

“எட்டுக்குப் போயிட்டாங்க.”

“எப்ப வருவாங்க?”

“வர மாட்டாங்கடி. அங்கயே அவங்களுக்கு வசதியாப் போச்சு.”

“அப்ப எதுக்கு இடத்தை மட்டும் வச்சிருக்கீங்க?”

“புதுசா யாராவது வந்தா வச்சுக்கலாம்னுதான்.”

வகுப்பே சிரித்தது. அவளும் சிரித்தாள் என்றுதான் நினைக்கிறேன்.

முத்தங்களுடன்,
ஒத்திலியா

*

பாதுவா,
இத்தாலி,
அக்டோபர் 29, 2006

அன்புள்ள அக்கா,

ஸகுஸ்கா பத்திரமாக வந்தது. உன் கையெழுத்தைப் பார்த்து சாந்துவுக்கு முகம் சுருங்கிவிட்டது.

போன ஞாயிறு நான் போன் செய்தபோது இலின்காவுக்குப் பல்வலி என்றாய். இன்றைக்கும் போனுக்கு வரவில்லை, குளிக்கிறாள் என்றாய். உன் கடிதத்தைச் சிரித்துக்கொண்டேதான் படிக்க ஆரம்பித்தேன். பாதியில் கிழவியம்மாவின் கட்டிலிலேயே உட்கார்ந்துவிட்டேன். அக்கா, அவள் புத்தகத்தைப் பற்றியா உன்னிடம் கேட்டாள்?

ஸ்பெயினுக்குப் போன அவள் அப்பா திரும்பி வரவே இல்லை, உனக்கே தெரியும். மூன்றே மாதத்தில் வந்துவிடுவேன் என்று அவள் தலையில் கைவைத்துச் சொல்லிவிட்டு நான் கிளம்பினேன். இரண்டு வருஷம் ஓடிவிட்டது. எனக்கு இங்கே சரியான பேப்பர் இல்லை, இந்த நாட்டை விட்டு ஒரு தடவை வெளியே வந்தால் மறுபடி உள்ளே விட மாட்டார்கள். இதை எட்டு வயசுப் பிள்ளைக்குப் போனில் எப்படிப் புரியவைப்பது?

நீ கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை, எனக்குத் தெரியும். ஆனால் அவளிடம் சொல், போனவர்கள் வருவார்கள் என்று. நான் சொன்னால் இனி நம்ப மாட்டாள். நீ டீச்சர் மாதிரி, நீ சொன்னால் நம்புவாள். எனக்கு என் மகள் வேண்டும், அக்கா.

உன்
தோம்னிகா

*

பிர்லாத்,
டிசம்பர் 3, 2006

தங்கமே தோம்னிகா,

உன் கடிதத்தை வந்த அன்றே இரண்டு தடவை படித்தேன். அந்த அட்டையை அவள் கழுத்தில் மாட்டிய கையை என்ன செய்வது?

மறுநாளே பேசிப் பார்த்தேன். நான்காம் எண் சும்மா காலியாக இல்லை, காத்துக்கொண்டிருக்கிறது என்று ஏதேதோ சொன்னேன். அவள் ஹோம்வொர்க்கிலிருந்து தலையைக் கூடத் தூக்கவில்லை. “பெரியம்மா, புத்தகத்தைப் பத்திப் பேசினா புத்தகத்தைப் பத்தி மட்டும் பேசுங்க” என்றாள்.

இப்போது பள்ளி விட்டதும் நூலகத்துக்கு வந்து எனக்கு உதவுகிறாள். எந்தப் புத்தகம் எங்கே போகும் என்று என்னைவிட வேகமாகச் சொல்கிறாள். அதனால்தான் இந்த வாரம் ஒன்பதாம் எண்ணில் இத்தாலிப் படப்புத்தகம் காணாமல்போனபோது நான் அவளைச் சந்தேகப்படவில்லை. யாரோ கேட்டார்கள் என்று தேடினேன். நான்காம் எண் தட்டில், யார் கண்ணிலும் படாத மூலையில், தனியாகச் சாய்ந்து நின்றது.

நீயா வைத்தாய் என்று கேட்டேன். ஆமாம் என்றாள்.

“தப்பான இடத்துல வச்ச புத்தகம் தொலைஞ்ச புத்தகம்னு நீங்கதானே சொல்லிக் குடுத்தீங்க. அது தொலையட்டும்.”

திட்டவில்லை. எடுத்து ஒன்பதில் வைக்கவும் மனசு வரவில்லை. உன்னிடம் இதை மறைக்கலாம் என்று இருந்தேன், முடியவில்லை. எப்படியாவது வந்துவிடு.

ஒத்திலியா

*

பாதுவா,
ஜனவரி 14, 2007

அன்புள்ள அக்கா,

நம் நாடு ஐரோப்பிய யூனியனில் சேர்ந்ததும் எல்லை திறந்துவிட்டது! ருமேனியாக்காரர்கள் இனி அடையாள அட்டையைக் காட்டிவிட்டுப் போகலாம், வரலாம். ஈஸ்டருக்கு வருகிறேன். திரும்பும்போது சாந்துவின் வேனில் இரண்டு சீட் சொல்லிவைத்திருக்கிறேன். கிழவியம்மாவின் மகளிடம் பேசிவிட்டேன், என் அறையில் இன்னொரு கட்டில் போட்டுக்கொள்ளலாமாம். இலின்காவிடம் நீ எதுவும் சொல்லாதே, நானே கேட்கிறேன்.

நீ தனியாகிவிடுவாய் என்பதை நினைக்காமல் இல்லை. என்னை மன்னித்துவிடு.

தோம்னிகா

*

பாதுவா,
ஏப்ரல் 22, 2007

கிறிஸ்து உயிர்த்தார், அக்கா.

நல்லபடியாக வந்து சேர்ந்தேன். அவளுக்கு என்று சொல்லிவைத்த சீட்டில் சாந்து பார்சல்களை அடுக்கிவிட்டான்.

வேன் கிளம்பும்போது, ஏன்டி திடீரென்று மனசு மாறிவிட்டாய் என்று கேட்டாய். நான் அழுதேனே தவிர பதில் சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன்.

நான் வந்த அன்று வேன் சீக்கிரமே ஊருக்குள் வந்துவிட்டது. நீ நூலகத்தில் இருந்தாய். மணியடித்தேன், இலின்காதான் திறந்தாள். என் கழுத்து வரைக்கும் வளர்ந்திருக்கிறாள். என்னைத் தெரியாமல் இல்லை. கட்டிக்கொண்டேன், அசையாமல் நின்றாள். நான் குனிந்து ஷூவைக் கழற்றப் போனேன்.

“பரவால்ல, கழட்டாதீங்க. அப்படியே உள்ள வாங்க.”

நம் வீட்டில் அதை யாரிடம் சொல்வோம், அக்கா? பாதிரியாரிடம் சொல்வோம், டாக்டரிடம் சொல்வோம். வீட்டு மனுஷிக்கு யார் சொல்வார்கள்? ஷூவோடு நம் கம்பளத்தின் மேல் நடந்துபோய் உட்கார்ந்தேன். டீக்கு எத்தனை சர்க்கரை என்று கேட்டாள். நான் போகும்போது என்னை ‘நீ’ என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தவள், அந்த ஒரு வாரமும் ‘நீங்க’ என்றுதான் பேசினாள்.

ஆனாலும் கடைசி நாள் கேட்டேன், என்னோடு வருகிறாயா என்று.

“நீங்க சொன்னா வர்றேன்” என்றாள்.

வர மாட்டேன் என்று அழுது புரண்டிருந்தால் இழுத்துக்கொண்டாவது வந்திருப்பேன். சொன்னால் வருகிறேன் என்கிற பிள்ளையை எப்படிக் கூட்டிவருவது?

அவள் உன்னோடு இருக்கட்டும். உன்னிடம் அவள் கோபப்படுகிறாள், பதிலுக்குப் பதில் பேசுகிறாள், உன் புத்தகத்தை ஒளித்துவைக்கிறாள். உனக்கு அதன் அருமை தெரியாது.

கோடையில் மறுபடி வருவேன். வாசலில் நிற்கும்போது, ஷூவைக் கழட்டிட்டு வா என்று அவளாகச் சொல்ல வேண்டும். சொல்லாமலே போனாலும் போகட்டும். நீ மட்டும் அவளுக்குச் சொல்லிக்கொடுத்துவிடாதே, அக்கா.

தோம்னிகா