சுவருக்குச் சுவர் கட்டிய திரை

பேர் சொல்லாமல் கடைசிவரை 'தம்பி' என்றே என்னைக் கூப்பிட்ட அக்கா,

உன் மகள் ஜமீலாவுக்கு அடுத்த வாரம் நிக்காஹ். மாப்பிள்ளைக்குத் திருமங்கலத்தில் அரிசி வியாபாரம். அன்றைக்கு நம் கோரிப்பாளையத்து வீட்டுக் கூடத்தில் படம் காட்டியே ஆகவேண்டுமாம். உன்னை அப்படியே உரித்து வைத்திருக்கிறாள்.

"மாமா, திரை எம்புட்டுப் பெருசு கட்டப் போறீங்க?" என்று கேட்டாள்.

அந்தப் பெருநாளைக்குக் கையால் சுற்றிப் படம் காட்டும் சின்ன மெஷினை வாங்கி வந்தேனே, அப்போது மெஷினின் வெளிச்சத்தைப் பார்த்தா திரை எடுத்தேன்? கூடத்தின் அகலத்தை அளந்தல்லவா எடுத்தேன். ஆண்கள் திரைக்கு முன்னால், பெண்கள் திரைக்குப் பின்னால், ஆண்கள் கண்ணில் பெண்கள் படாமலிருக்கும் கோஷா மறைப்புக்கும் அதே துணி. ஓரத்தில் இடைவெளி விட்டால் ஜமாஅத்துப் பெரியவர்கள் பேசுவார்களே என்ற பயம். அந்த அகலத்துக்கு இழுத்ததில் படம் வெளுத்துப்போனது. உங்கள் பக்கம் கொஞ்சமாவது தெரியட்டும் என்று துணியில் தண்ணீர் தெளித்தேன்.

"படம் காட்டுறியா தம்பி, துணி காயப்போடுறியா?" என்று நீ உள்ளிருந்து கேட்க, பெண்கள் எல்லோரும் சிரித்தார்கள். ஊமைப்படத்தின் எழுத்துகள் உங்களுக்கு இடவலம் மாறித் தெரிந்தன. "அரபுத்தமிழை வலமிருந்துதானே வாசிக்கிறோம், இதுக்கென்ன?" என்று நீயே தட்டுத் தடுமாறி வாசித்துச் சொன்னாய்.

மறுநாள் கேட்டாய். "சின்னத் துணியாக் கட்டி, பொம்பளைகளுக்கு மட்டும் ஒருவாட்டி முன்பக்கமாக் காட்டேன்டா."

"அடுத்த பெருநாளைக்குப் பாப்போம்க்கா" என்றேன். அதற்குள் காய்ச்சல் உன்னைக் கொண்டுபோய்விட்டது. உனக்கு என்ன அவசரம்? எனக்குத்தான் அப்படி என்ன தாமதம்? அன்றைக்கு நீ என்னைத் திட்டியிருக்கலாம் அக்கா. சரிடா என்று சொல்லிவிட்டுப் போனாயே, அதுதான் தாங்கவில்லை.

பழைய பெரிய துணியைக் கிழித்துச் சமையலறைக்குக் கொடுத்துவிட்டேன். இந்தத் தடவை பெண்களுக்கு மட்டும்தான் படம். அவர்கள் நடுவில் நான் நிற்க முடியாதே. மெஷின் சுற்ற ஜமீலாவுக்கே கற்றுக்கொடுத்தேன். மருதாணிக் கையோடு சுற்றுவாளாம், கழுதை.

நேற்று என் வேட்டியைச் சுவரில் ஆணியடித்து மாட்டிப் படம் ஓட்டிப் பார்த்தோம். பளிச்சென்று விழுந்தது. ஜமீலா கைதட்டினாள். நான் எழுந்து கொல்லைப்பக்கம் போய் அழுதேன்.

பெரியவர்கள் வந்து கேட்டால் வாசலில் நின்று நான் பதில் சொல்லிக்கொள்கிறேன். படம் முடிகிறவரை ஒருவரையும் உள்ளே விடமாட்டேன், இது சத்தியம். ஒரு வேட்டி போதுமாக இருந்திருக்கிறது அக்கா. நீ கேட்ட அன்றைக்கும் அது என் இடுப்பில்தான் இருந்தது.

உன் கூடப்பிறந்த தம்பி,
காசிம்