முனியராஜுக்குக் காட்டிய சிவப்பு அட்டை

விருதுநகர்,
நவம்பர் 11.

அன்பு நண்பன் சங்கிலிமுத்துவுக்கு,

ஜெகபர் அலி எழுதுவது. இங்கே நானும் மெகருன்னிசாவும் பிள்ளைகளும் சுகமாக இருக்கிறோம். பஹ்ரைனில் நீயும் வேளாவேளைக்குச் சாப்பிட்டு நல்லபடியாக இருக்க வேண்டும். விடிந்ததும் வாட்ஸ்அப்பில் படம் அனுப்புகிறவன் எதற்குக் காகிதத்தில் எழுதுகிறான் என்று நினைப்பாய். இரண்டு தடவை போன் போட்டேன். நீ பழைய கதையைச் சொல்லிச் சிரிக்க ஆரம்பித்ததும் எனக்கு வாய் வரவில்லை. லீவு முடிந்து வியாழக்கிழமை அங்கே திரும்பும் பலவேசத்திடம் கொடுத்தனுப்புகிறேன். வெள்ளிக்கிழமை உன் கைக்கு வந்துவிடும். உட்கார்ந்து படி. உன் தம்பி முனியராஜ் உயிரோடு இருக்கிறான். அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

தீபாவளி சீசன் முடிந்து பட்டாசுக் கம்பெனிகள் பூட்டியிருக்கும் நாட்களில்தானே நம் பக்கம் கால்பந்துப் போட்டி வைப்பார்கள். இந்த வருஷமும் சூலக்கரை மைதானத்தில் நடந்தது. ஆறு நாள் மண்டியில் வத்தல் மூட்டைகளுக்கு நடுவே தும்முகிற நான், ஞாயிற்றுக்கிழமை கறுப்புச் சட்டை போட்டுக்கொண்டு நடுவராகிவிடுவேன். அரையிறுதி ஆட்டம் அச்சங்குளத்துக்கும் விருதுநகருக்கும். அச்சங்குளம் அணிக்கு கோல் அடிக்கிற ஆள் உன் தம்பிதான்.

நான் ஆட்டத்தை எப்படி நடத்துவேன் என்று உனக்குத் தெரியும். ஒருவன் முறைகேடாகக் காலை விட்டால், ஊர் பார்க்க நிற்க வைத்துத் திட்டமாட்டேன். அவன் பின்னாலேயே போய்த் தோள் பக்கமாக, அவனுக்கு மட்டும் கேட்கிற மாதிரி, "தம்பி, இது கடைசி" என்பேன். கோட்டுக்கு வெளியே அவன் சொந்தக்காரர்கள் நிற்பார்கள், பொண்டாட்டி நிற்பாள், கம்பெனி போர்மேன்கூட நிற்பார். மானத்தைக் காப்பாற்றிக் கொடுத்தால் கோபம் தானாக இறங்கிவிடும் என்பது என் கணக்கு. இருபது வருஷமாக இதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனமே உண்டு.

அன்றைக்கு இருபதாவது நிமிஷத்தில் முனியராஜ் விருதுநகர்ப் பையன் ஒருவனைச் சறுக்கி விழுத்தாட்டினான். மஞ்சள் அட்டை காட்டினேன். பிறகு வழக்கம்போலப் பின்னால் போய்ச் சொன்னேன். திரும்பியே பார்க்கவில்லை. இன்னொரு தடவை சொன்னேன். துப்பிவிட்டு ஓடிவிட்டான். எனக்குச் சுருக்கென்றது. உங்கள் வீட்டில் எத்தனை நாள் சாப்பிட்டிருப்பேன், அண்ணன் என்கிற மரியாதைகூடவா இல்லை என்று மனசுக்குள் வைத்துக்கொண்டேன்.

இரண்டாவது பாதியில் ஆஃப்சைடுக்கு விசில் ஊதினேன். எல்லாரும் நின்றுவிட்டார்கள். முனியராஜ் மட்டும் பந்தோடு தனியாக ஓடினான். விசில் கேட்டுக் கையைத் தொங்கப் போட்டு நின்ற விருதுநகர் கோல்கீப்பர் இக்பாலின் முகத்தில், இவன் உதைத்த பந்து அடித்து வலைக்குள் போனது. அந்தப் பையனின் மூக்கிலிருந்து ரத்தம் கொட்டுகிறது, இவன் இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு ஓடுகிறான். இரண்டு பக்கத்து ஆட்களும் பாய்ந்துவிட்டார்கள். பிரித்து விடுவதற்குள் என் சட்டை கிழிந்துவிட்டது. அவனைக் கூப்பிட்டு நிறுத்தினேன். என் வாயையே பார்த்துக்கொண்டு, "என்னண்ணே, கோல்தானே?" என்றான். நக்கல் என்று நினைத்தேன். அதுவரை ஒருவனிடமும் பேசாத பேச்சை ஊரே பார்க்கப் பேசினேன். "ஏலே, ஊதுனது கேக்கல? காது என்ன செவிடாலே?" என்று கத்திவிட்டு, இரண்டாவது மஞ்சளையும் சிவப்பையும் சேர்த்துக் காட்டினேன்.

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அவன் முகம் வெளிறிப்போய், கோட்டைத் தாண்டி, யாரிடமும் நிற்காமல் வீட்டுக்குப் போய்விட்டான்.

மறுநாள் காலை அவன் மனைவி பாண்டிச்செல்வி எங்கள் வீட்டுக்கு வந்தாள். சண்டை போட வந்திருக்கிறாள் என்றுதான் நினைத்தேன். மெகருன்னிசா கொடுத்த காபியைக் குடிக்காமல் கையில் வைத்துக்கொண்டே, "நீங்க கேட்டது நெசம்தாண்ணே. அவுகளுக்குக் காது கேக்காது" என்றாள்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் அவன் வேலை பார்த்த பழைய கம்பெனியில் வெடித்ததே, அப்போது பக்கத்து அறையில் இருந்தவன் மேலில் ஒரு கீறல் இல்லாமல் வந்தான் என்று எம்புட்டு சந்தோஷப்பட்டோம். நீகூட லீவு போட்டு வந்து இருக்கன்குடிக்குக் கூட்டிப்போய் முடி இறக்கினாய். காதுக்குள் இரைச்சலாக இருக்கிறது என்று அன்றைக்கு அவன் சொன்னான். போகப் போகச் சரியாகிவிடும் என்று நீயும் சொன்னாய், நானும் சொன்னேன். சரியாகவில்லை. வலது காது அடியோடு போய்விட்டது. இடது காதில் கிட்ட நின்று கத்தினால் கொஞ்சம் கேட்குமாம். உதட்டைப் பார்த்துச் சமாளிக்கிறான். மைதானத்தில் மற்றவர்கள் நிற்பதைப் பார்த்துத் தானும் நின்றுவிடுவான். அன்றைக்கு அவனுக்கு முன்னால் கோல்கீப்பரைத் தவிர யாரும் இல்லை. பின்னால் போய் நான் சொன்ன எதுவும் அவனுக்குப் போய்ச் சேரவே இல்லை.

மதுரையில் டாக்டர் காதுக்கு மிஷின் வைக்கச் சொன்னாராம். வைத்தால் தெரிந்துவிடும். செல்போனையே வாசலில் வாங்கி வைத்துக்கொள்கிறவர்கள், பேட்டரி போட்ட மிஷினைக் கம்பெனிக்குள் விடுவார்களா? "தெரிஞ்சா வேலையை விட்டு நிப்பாட்டிருவாக, யாருகிட்டயும் சொல்லிராதீகண்ணே" என்று கெஞ்சினாள். சரி என்றேன். வாசல் வரை போனவள் திரும்பி வந்து அழுதுவிட்டாள். "மருந்து கலக்குற ரூம்புல நிக்காக. புகையுதுன்னு ஒருத்தர் கத்துனா மத்தவுக ஓடிருவாக. இவுகளுக்கு யாருண்ணே சொல்லுவா?" என்று கேட்டாள்.

போட்டிக் கமிட்டிக்கு எழுதிய அறிக்கையில் பொய் எழுதினேன். நான் ஊதியது பிந்திவிட்டது, தப்பு என்னுடையது, முனியராஜைத் தடை செய்யக் கூடாது என்று. அவனை விட்டுவிட்டார்கள். இறுதி ஆட்டத்திலிருந்து என்னை எடுத்துவிட்டார்கள். அச்சங்குளத்தானிடம் பிரியாணி வாங்கித் தின்றுவிட்டேன் என்று விருதுநகர்ப் பையன்கள் பேசுகிறார்கள். பேசிக்கொள்ளட்டும். இக்பாலின் மூக்கு ஆறிவருகிறது, இரண்டு தடவை போய்ப் பார்த்தேன்.

வரும் திங்கட்கிழமை பூஜை போட்டுக் கம்பெனி திறக்கிறார்கள். அவனும் போகத் தயாராக இருக்கிறான். எங்கள் மண்டி முதலாளி லட்சுமிகாந்தம் அண்ணாச்சி, எடை போடுகிற இடத்துக்கு ஆள் வேண்டும், வரச் சொல் என்கிறார். அதைச் சொல்லவும் மன்னிப்புக் கேட்கவும் அச்சங்குளம் போனேன். என் வண்டியைப் பார்த்ததும் பின்வாசல் வழியாகப் போய்விட்டான். நியாயம்தான். செவிடன் என்று ஊர் முன்னால் சொன்னவன் காட்டுகிற வேலைக்கு எவன் வருவான்? உங்கள் அப்பா போன பிறகு அவனை ஆளாக்கியவன் நீ. நீ சொன்னால்தான் கேட்பான். பாண்டிச்செல்விக்குக் கொடுத்த வாக்கை மீறித்தான் இதை உனக்கு எழுதுகிறேன். எனக்குத் தூக்கம் வரவில்லை, சங்கிலி.

ரம்ஜானுக்கு வாழ்த்துச் சொல்லக் கூப்பிட்டபோது நீ ஒரு விஷயம் சொல்லி வருத்தப்பட்டாய். தம்பி போனில் ம், ம் என்கிறான், உடனே பொண்டாட்டியிடம் கொடுத்துவிடுகிறான், என்ன மனத்தாங்கலோ தெரியவில்லை என்றாய். அந்த ரோஷத்தில் நீயும் கூப்பிடுவதைக் குறைத்துக்கொண்டதாகச் சொன்னாய். அவனுக்கு உன்மேல் ஒரு கோபமும் இல்லையப்பா. நீ பேசுவது அவனுக்குக் கேட்கவில்லை.

வெள்ளிக்கிழமையே வீடியோவில் கூப்பிடு. வெளிச்சமான இடத்தில் உட்கார். அந்த மீசையைக் கொஞ்சம் கத்தரித்துவிடு, உதடு தெரியட்டும். கத்தாதே, திட்டாதே, மெதுவாகப் பேசு. திங்கட்கிழமை அந்த அறைக்குள் போக வேண்டாம் என்று மட்டும் சொல். ஒரு தடவைக்கு இரண்டு தடவை சொல். புரியாமலே சரி என்று சொல்லிப் பழகியவன் அவன், அதை நம்பிவிடாதே. போகமாட்டேன் என்று அவன் வாயால் சொல்லும்வரை போனை வைத்துவிடாதே.

அல்லாஹ் உங்கள் இருவரையும் காப்பாற்றட்டும்.

உன்
ஜெகபர்