டேப்பின் மறுமுனை

மதுரை,
5.6.2023

அன்பு அப்சானாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நீ நலமாக இருப்பதாக உன் தங்கை சொன்னாள். நான் கேட்காமலே சொன்னாள், அதனால் நம்புகிறேன்.

ஆபீஸ் நேரத்தில் ஓயாமல் கூப்பிட்டேன் என்று என் நம்பரை பிளாக் செய்துவிட்டாய். “கேக்க வேண்டியத எழுதிக் கேளுங்க, எழுதியே பதில் தாரேன்” என்று சொல்லிவிட்டுப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனாய். இதோ எழுதுகிறேன். உங்கள் தணிக்கையில் செய்வதுபோலத் தாளை நெடுக மடித்திருக்கிறேன். இடது பாதியில் என் கேள்வி, வலது பாதி உன் பதிலுக்குக் காலி.

வாடிப்பட்டி என்ன வெளிநாடா? திண்டுக்கல் ரோட்டில் நின்று கையைக் காட்டினால் பஸ். பக்கத்து நெடுங்கரைப்பட்டிப் பேரூராட்சியின் வரவு செலவைப் பார்க்க, புருஷனை விட்டுவிட்டு யாரோ ஒரு டீச்சர் வீட்டு மாடியில் வாடகைக்குக் குடியிருக்க வேண்டுமா?

சரி, விஷயத்துக்கு வாரேன். இம்மானுவேல் சார் சொன்னார், இம்மானுவேல் சார் வந்தார், இம்மானுவேல் சார் சாப்பிடவில்லை என்று தினமும் உன் வாயில் அதே பேச்சு. நம் வீட்டு வாசலை மிதிக்காத ஒரு மனுஷன், நம் சாப்பாட்டு நேரத்தில் என்னைவிட அதிக நேரம் உட்கார்ந்திருந்தார். வேலையில் சேர்ந்த அன்று நம் ஹார்டுவேர் கடையிலிருந்து மஞ்சள் டேப் ஒன்று தந்தேனே, அதன் ஒரு முனையை நீ பிடித்தால் மறுமுனையை அவர் பிடிக்கிறாராம். நீயேதான் சொன்னாய். என் கடை டேப்! அதிலிருந்து கடையில் எவன் வந்து டேப் கேட்டாலும் எரிந்து விழுகிறேன்.

கேள்வி: அந்த ஆள் உனக்கு யார்?

வஸ்ஸலாம்.
உன் மச்சான்,
நஜீம்


வாடிப்பட்டி,
9.6.2023

அன்புள்ள மச்சானுக்கு,

வ அலைக்கும் ஸலாம். உங்கள் தாளின் வலது பாதியில் பதில் எழுதி இத்துடன் வைத்திருக்கிறேன்: உடன் வேலை பார்ப்பவர். அது உங்களுக்குப் பத்தாது என்று தெரியும். அதனால் தனியாக இதையும் எழுதுகிறேன்.

டேப்புக்கு ரெண்டு முனை இருக்கிறது மச்சான். ஒருத்தி மட்டும் பிடித்து எதையும் அளக்க முடியாது. இம்மானுவேல் சார் மகள் கல்யாணத்துக்கு மண்டபம் கிடைக்காமல் அலைகிறார், பாவம். உங்கள் பொறாமைக்கு அவர் தகுதியான ஆளே இல்லை.

நெடுங்கரைப்பட்டிக் கீழத்தெரு நெடுக, கழிவுநீர் போக வாறுகால் கட்டி முடித்ததாகப் பேரூராட்சியில் பில் பாஸாகியிருக்கிறது. போய்ப் பார்த்தால் பாதித் தெருவோடு நிற்கிறது. மீதி வீடுகளில் சாக்கடைத் தண்ணீர் வாசற்படியில் கிடக்கிறது. ஒச்சாயி என்று ஒரு அக்கா, பலகை போட்டுத்தான் வீட்டுக்குள் போகிறார். “அளந்து எழுதுவீகளா, இல்ல முன்ன வந்தவுக மாதிரி டீயக் குடிச்சிட்டுப் போயிருவீகளா?” என்று கேட்டார். எழுதுவேன் என்று வாக்குக் கொடுத்திருக்கிறேன். அந்த ஆபீஸ் டீயைத் தொடுவதில்லை. குடிதண்ணீர்கூட நாங்களே கொண்டுபோகிறோம்.

எங்கள் ஆட்சேபத்துக்குத் தடை என்று பெயர், உங்களுக்குத் தெரியும். பதில் சரியாக இருந்தால் ‘தடை நீக்கம்’ என்று எழுதுவோம். இல்லாவிட்டால் ‘தடை நிலுவை’. எழுதினவர் ரிட்டையர் ஆன பிறகும் நிலுவை நிற்கும். அதனால் எழுதும்போது கை சுத்தமாக இருக்க வேண்டும்.

பக்ரீத்துக்குள் இது முடிந்துவிடும். பெருநாளுக்கு வீட்டுக்கு வந்துவிடுகிறேன், அப்புறம் எங்கும் தங்கமாட்டேன். அதுவரை நெடுங்கரைப்பட்டிப் பக்கம் மட்டும் வராதீர்கள். இது ஒன்றுதான் கேட்கிறேன்.

வேளைக்குச் சாப்பிடுங்கள்.
அப்சானா


மதுரை,
16.6.2023

அன்பு அப்சானாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். பெருநாளுக்கு வருகிறாய் என்று படித்ததும் வீட்டுக்கு வெள்ளையடிக்க ஆள் சொல்லிவிட்டேன்.

ஆனால் வராதே என்று பொண்டாட்டி சொன்னால், ஏன் என்று பார்க்காமல் இருக்க எந்தப் புருஷனால் முடியும்? புதன்கிழமை ஸ்கூட்டரை எடுத்துவிட்டேன். பேரூராட்சி ஆபீஸ் வாசலில் யார் என்று கேட்டார்கள். ஆடிட் மேடம் வீட்டுக்காரர் என்றேன். அம்புட்டுத்தான், நாற்காலி வந்தது, ஃபேன் என் பக்கம் திரும்பியது. தலைமை எழுத்தர் நல்லகாமன் தங்கமான மனுஷன். “மேடமும் சாரும் கீழத்தெருவுல இருக்காக. நீங்க சாப்பிடாமப் போகக்கூடாதுண்ணே” என்று பாய் கடையாகத் தேடிப் பிரியாணி வாங்கி வரச் சொன்னார். இத்தனை வருஷத்தில் உன்னால் எனக்குக் கிடைத்த முதல் மரியாதை.

இம்மானுவேலைப் பற்றி விசாரித்தேன். “ரெண்டு பேரும் ஒண்ணாத்தான் வாராக, ஒண்ணாத்தான் போறாக” என்றார். அதற்கப்புறம் பிரியாணி தொண்டையில் இறங்கவில்லை. ஆனாலும் சாப்பிட்டு முடித்தேன்.

பிறகு கீழத்தெரு முனையில் நின்று பார்த்தேன். நீ என்னைக் கவனிக்கவில்லை. அந்தக் கடைசியில் அவர், இந்தக் கடைசியில் நீ, நடுவில் என் மஞ்சள் டேப். நரைத்த தலை, தொப்பை. சே, இம்புட்டுத்தானா என்று சந்தோஷப்பட்டேன். அந்த நேரம் பார்த்து நீ சிரித்தாய். பக்கத்தில் யாரோ ஒரு அம்மா நின்றார், அவரை விடு. தலையைச் சாய்த்துச் சிரித்தாய். நம் கல்யாண ஆல்பத்தில் மட்டும் இருக்கிற சிரிப்பு. அதைத் தொப்பைக்காரருக்கு எதற்குக் கொடுத்தாய்? உன்னைக் கூப்பிடாமல் திரும்பிவிட்டேன்.

போகும்போது நல்லகாமன் ஸ்கூட்டரில் ஒரு கூடை மாம்பழம் கட்டிவிட்டார். சர்க்கரையாக இனிக்கிறது. உனக்கு நல்லதாகப் பார்த்து எடுத்துவைத்திருக்கிறேன்.

உன்னை நினைத்தே எரிகிற,
நஜீம்


வாடிப்பட்டி,
20.6.2023

மச்சானுக்கு,

ஸலாம். மாம்பழம் எனக்கு வேண்டாம்.

நேற்றுத் தடையை எழுதிப் பதில் கேட்டு நல்லகாமனிடம் நீட்டினேன். அவர் தாளை வாங்கவில்லை. பதிலுக்குப் போனில் எடுத்துவைத்திருந்த போட்டோக்களை நீட்டினார். பிரியாணி முன்னால் நீங்கள். ஸ்கூட்டரில் கூடையோடு நீங்கள். “அண்ணே சாப்பிட்டுத்தான் போனாரு மேடம். நம்ம வீட்டாளு ஆயிட்டீக, இப்பிடி எழுதலாமா?” என்றார். சிரித்துக்கொண்டே சொன்னார்.

அப்போதே எங்கள் அதிகாரிக்கு நடந்ததை நானே எழுதிக் கொடுத்து, என்னை இந்தத் தணிக்கையிலிருந்து விலக்கச் சொன்னேன். விலக்கிவிட்டார்கள். நான் எழுதியது செல்லாது. புதிய ஆள் வந்து முதலிலிருந்து எல்லாம் பார்க்க வேண்டும். எப்போது வருவார் என்று யாருக்கும் தெரியவில்லை. ஒச்சாயி அக்கா போன் செய்தார். “நீயும் டீயக் குடிச்சிட்டியாம்மா?” என்று மட்டும் கேட்டார். இல்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அழுகைதான் வந்தது.

கோபமாக இருக்கிறேன் மச்சான். இத்தனை நாள் நீங்கள் கேட்டீர்கள், நான் பதில் சொல்லிக்கொண்டே இருந்தேன். இப்போது நான் ஒரு கேள்வி கேட்கிறேன். இந்தத் தாளையும் நெடுக மடித்திருக்கிறேன்.

கேள்வி: தெருமுனையில் நின்று பார்த்தீர்களே, நான் எதை அளந்துகொண்டிருந்தேன்?

உங்கள் பதிலைப் பார்த்துவிட்டுப் பெருநாளுக்கு வருவதைச் சொல்கிறேன்.

அப்சானா


மதுரை,
24.6.2023

அன்பு அப்சானாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். உன் வேலைக்கு இப்படி ஆகும் என்று எனக்குத் தெரியாது, அல்லாஹ்மேல் ஆணை. பழக்கூடையைத் திருப்பிக் கொடுத்துவிடுகிறேன். பிரியாணிக்குப் பணமும் கொடுத்துவிட்டால் சரியாகிவிடாதா?

நீ கேட்ட கேள்விக்கு என்னத்தைச் சொல்ல? எதையோ அளந்தாய். ரோடாக இருக்கும், இல்லாவிட்டால் சுவர். ரோடு என்றே வைத்துக்கொள். நான் அதைப் பார்க்கவா அவ்வளவு தூரம் வந்தேன்?

வெள்ளையடித்து முடிந்துவிட்டது. காலையில் பழக்க தோஷத்தில் ரெண்டு டம்ளர் டீ போட்டுவிடுகிறேன். ஒன்று ஆறிப்போய்க் கிடக்கிறது. நீ இல்லாத வீடு வீடாகவே இல்லை. பெருநாளுக்கு வந்துவிடு, காலில் வேண்டுமானாலும் விழுகிறேன்.

ஆனால் இதை மட்டும் சொல்லிவிட்டு வா. இல்லாவிட்டால் நான் செத்தாலும் என் மனசு ஆறாது. அன்றைக்கு எதற்குச் சிரித்தாய்? உன்னை விலக்கிவிட்டார்கள் என்றால் நம் டேப் இப்போது யாரிடம் இருக்கிறது? அவரிடமா?

வழக்கம்போல வலது பாதியைக் காலியாக விட்டிருக்கிறேன்.

நஜீம்


வாடிப்பட்டி,
27.6.2023

மச்சானுக்கு,

உங்கள் தாளின் வலது பாதியிலேயே எழுதுகிறேன்.

டேப் என்னிடம்தான் இருக்கிறது.

அன்றைக்குப் பக்கத்தில் நின்ற அம்மாதான் ஒச்சாயி அக்கா. “இந்த வெயில்ல ஒன்னைய அலையவிட்டுட்டு, ஒம் புருசன் எப்பிடிம்மா கடையில நிம்மதியா இருக்காரு?” என்று கேட்டார். “அவரா நிம்மதியா இருப்பாரு? விட்டா ஓடியாந்து சாரு கையில இருக்க முனையப் புடுங்கித் தானே புடிச்சுக்குவாருக்கா” என்றேன். சொல்லும்போதே உங்கள் முகம் கண்ணில் வந்தது. அதுதான் அந்தச் சிரிப்பு.

நான் அளந்தது வாறுகால். ஒன்பதாம் தேதியே உங்களுக்கு எழுதியிருந்தேன். அந்தக் கடிதத்தில் இம்மானுவேல் சார் பெயர் வந்த இடத்தை மட்டும் படித்திருக்கிறீர்கள்.

பெருநாளுக்குத் தங்கை வீட்டுக்குப் போகிறேன். டீயை ஒரு டம்ளர் மட்டும் போடுங்கள்.

பதில் ஏற்கப்படவில்லை. தடை நிலுவை.

அப்சானா